இரண்டு சிவப்பு, இரண்டு நீலம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்லிக்கொண்டே வருவேன், நடுவில் முக்கியமானது மறந்துபோகும், நினைவு வந்த இடத்தில் அதை ஒட்டுவேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள். பேச்சும் அப்படித்தான். பஸ்ஸில் நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனால்கூட நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்ததற்குக் காரணம், ஒரு தாளில் என்னைப் பற்றி எழுதியிருக்கும் ஒரு வரி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவள். திண்டுக்கல்லில் ஒரு சந்துக்குள் பட்டறை. வடமதுரை, கன்னிவாடி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிணற்று மோட்டார்கள் எரிந்துபோய் வரும். எரிந்த மோட்டாரைத் திறந்தால் ஒரு வாடை அடிக்கும் பாருங்கள், பழைய வார்னிஷும் கருகின நாடாவும் கிணற்றுச் சேறும் சேர்ந்து. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வாடையை முகர்ந்திருக்கிறேன், அது எனக்கு அருவருப்பாக இருந்ததே இல்லை. கருகின கம்பியை உருவி எடுத்து, புதுச் செப்புக் கம்பியை மர அச்சில் சுற்றி, உள்ளே இறக்கி, முனைகளைச் சேர்த்து, நாடா கட்டி வார்னிஷ் ஊற்றினால் மோட்டார் மறுபடி தண்ணீர் இறைக்கும். என் வீட்டுக்காரர் செய்த வேலை. அவர் போன பிறகு அதே முக்காலியில் நான் உட்கார்ந்தேன்.

எனக்கு எதிரே இன்னொருத்தி காயில் சுற்றுவாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள், தோல் வியாபாரம் செய்து நொடித்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். நான் பேசாததையும் சேர்த்து அவள் பேசுவாள். அவளை நான் தங்கச்சி என்பேன்.

முதலாளி பழைய முதலாளியின் மகன். வேலை தெரியாதவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாக்கு மென்று ஒரு பெயிண்ட் டப்பாவில் துப்புவார். அந்த டப்பா என் முக்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நிரம்பி வழிந்தாலும் நகர்த்தமாட்டார். நானும் நகர்த்தச் சொன்னதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் கல்லூரியில் பௌதிகம் சொல்லித்தருகிற ஒரு டீச்சர் பட்டறைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும், ஒல்லியான பெண். கையில் சுருட்டின ஒரு தாள். எட்டு சின்னக் காயில்கள் வேண்டும், வளையம் மாதிரி ஒரு சட்டத்தில் வரிசையாக உட்கார வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து இரண்டே இரண்டு முனைகள் வெளியே வர வேண்டும் என்றார்.

முதலாளி சிரித்தார். "எதுக்கு மேடம் இது? மிக்சிக்கா, ஃபேனுக்கா?"

டீச்சர் பதிலை அவரிடம் சொல்லாமல் என் பக்கம் திரும்பிச் சொன்னார். சுற்றப்போவது நான்தான் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது.

"பெரிய நாடுகள்லயும் நம்ம நாட்டுலயும் ஒரு முயற்சி நடக்குதும்மா. சூரியனுக்குள்ள நடக்குற மாதிரியே பூமியில செஞ்சு, அதுல கரண்டு எடுக்கணும்னு. அந்தச் சூட்டைத் தாங்குற பாத்திரம் எதுவும் கிடையாது. அதனால காந்தத்தாலயே சுத்திப் புடிச்சு, சுவரைத் தொடாம அந்தரத்துல நிறுத்தி வைக்கிறாங்க."

"நெருப்பைக் காந்தம் புடிக்குமா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள், நான் வெளியாள் ஒருவரிடம் கேள்வி கேட்டதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"அடுப்பு நெருப்பு இல்லம்மா. வாயுவை ரொம்பச் சூடாக்குனா அதுக்குள்ள மின்சாரம் ஓட ஆரம்பிச்சிரும். பிளாஸ்மான்னு பேரு. மின்சாரம் ஓடுறதைக் காந்தம் தள்ளும்ல? உங்க மோட்டார் சுத்துறதே அதாலதானே?"

அது எனக்கு உடனே பிடிபட்டது. முதலாளிக்குப் பிடிபடவில்லை, அல்லது பிடிபட்டதாகக் காட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லை. "சூரியனைப் புடிச்சு நம்ம காயிலுக்குள்ள அடைக்கப் போறாகளாம். ஏக்கா, முந்தானையைப் பத்திரமா வச்சுக்க" என்று சொல்லி டப்பாவில் துப்பினார்.

டீச்சர் அதைப் பொருட்படுத்தவில்லை. நடுவில் பிளாஸ்மா ஓரளவு ஒழுங்காக நிற்குமாம். ஓரம்தான் தொல்லை. ஓரத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், தாங்காத ஒரு கணத்தில் வீசி வெளியே அடித்துவிடும். அடங்கும், மறுபடி ஏறும், மறுபடி அடிக்கும். அடித்து அடித்துச் சுவரே பொரிந்துபோகும்.

"சோறு பொங்குற மாதிரியா?" என்றேன். "மூடியை இறுக்கி வச்சா கஞ்சி பொங்கி அடுப்புல ஊத்தும். பானைக்கும் மூடிக்கும் நடுவுல கரண்டிக் காம்பைக் குடுத்து வச்சா, ஆவி செத்த செத்தயா வெளிய போயிரும். பொங்காது."

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்தேவிட்டார். "அதேதாம்மா! பெரிய காந்தம் மூடி. நீங்க சுத்தப்போற சின்னக் காயிலுதான் கரண்டிக் காம்பு. ஓரத்துல மட்டும் காந்தத்தை லேசா நெளிச்சு விட்டா, உள்ள இருக்குறது கொஞ்சங் கொஞ்சமாக் கசிஞ்சு போயிரும். வீசி அடிக்காது. ரொம்ப நெளிச்சாலும் தப்பு, மொத்தமும் கலைஞ்சு போயிரும்."

அவர் கல்லூரியில் இருப்பது சூரியன் எல்லாம் இல்லை, கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், டியூப்லைட் போல ஒளிரும், அவ்வளவுதான் என்றும் அவரே சொன்னார். அதன் ஓரமும் துடிக்குமாம். வீசி அடிக்கிற அளவுக்கு இல்லை, துடிப்புத்தான். அதைக் காயில் வைத்து அடக்கிக் காட்ட வேண்டும்.

அதில் அவருக்கு என்ன இருக்கிறது என்பதையும் டீ குடிக்கும்போது சொன்னார். நிரந்தர வேலை இல்லை, வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. வெளியூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்து பார்ப்பார்கள். இது ஆகும் என்று அவர்கள் சொன்னால் வேலையும் அந்தக் குழாய் இருக்கிற அறையும் தங்கும். ஆகாது என்றால் இரண்டும் போகும்.

பிறகு தாளை விரித்தார். வட்டமாக எட்டுக் கட்டம், ஒவ்வொன்றிலும் எண். வண்ணப் பென்சிலால் சிவப்பும் நீலமும் தீட்டியிருந்தார். சிவப்பு என்றால் காந்தத்தின் வடமுகம் உள்ளே பார்க்க வேண்டும், நீலம் என்றால் தென்முகம். ஒன்றும் இரண்டும் சிவப்பு, மூன்றும் நான்கும் நீலம், ஐந்தும் ஆறும் சிவப்பு, ஏழும் எட்டும் நீலம்.

"ஏன் தாயி ரெண்டு ரெண்டா?"

"ஓரத்துல எழும்புற அலை, குழாயைச் சுத்தி ரெண்டு எடத்துல மேடு, ரெண்டு எடத்துல பள்ளம். காந்தமும் அதே மாதிரி ஏறி எறங்குனாத்தாம்மா அதைப் போய்த் தொடும்."

எனக்குப் புரிந்தது. இதைத் தனியாக எழுதுகிறேன், காரணம் பின்னால் வரும். அன்றைக்கே, அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்தது.

எட்டுக் காயிலையும் நான்கு நாளில் சுற்றி முடித்தேன். எல்லாம் ஒரே திசையில், ஒரே கணக்கில். இனி முனைகளைச் சேர்ப்பதுதான். மோட்டாரில் பக்கத்துப் பக்கத்துக் காயில்கள் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக இருக்கும். அதற்கு, ஒன்றின் முடிவு முனையை அடுத்ததன் முடிவு முனையோடு சேர்க்க வேண்டும், அதன் தொடக்க முனையை அதற்கடுத்ததன் தொடக்கத்தோடு. முடிவோடு முடிவு, தொடக்கத்தோடு தொடக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். டீச்சரின் படத்தில் அப்படி இல்லை. இரண்டு காயில் ஒரே முகம் என்பதால், ஜோடிக்குள் முடிவோடு தொடக்கம் வர வேண்டும்.

நான் தாளை மடியில் விரித்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். சாயங்கால வடை கையில் இருந்தது.

"என்னக்கா இது? பக்கத்துப் பக்கத்துல ஒரே முகமா? எந்த ஊரு மோட்டார்ல இருக்கு இது?"

"படத்துல அப்புடித்தான்..."

"காலேசுப் புள்ளைக்குக் கலர் பென்சில் தெரியும். காயில் தெரியுமா? கரண்டு விட்டா ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் நம்ம பட்டறை பேரு நாறும். மாத்தி மாத்திப் போடு, வழக்கப்படி."

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொண்டு வருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, மோட்டாருக்கு எது சரியோ அதைச் செய்வது எங்கள் பட்டறை வழக்கம். கம்பியைத் தடிமனாகப் போடு, இரண்டு சுற்றுக் கூட்டிச் சுற்று என்று தோட்டக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னபடி செய்தால் மோட்டார் ஒரு வாரம் தாங்காது. அதனால் சரி சரி என்போம், நம் வேலையைச் செய்வோம், மோட்டார் ஓடும், அவர்கள் சொன்னதால்தான் ஓடுகிறது என்று சந்தோஷமாகப் போவார்கள். நல்ல வழக்கம்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதனால் கெடுதல் வந்ததில்லை.

"அது மோட்டார் இல்லீங்களே" என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்றால், எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் வடையை டீச்சரின் தாள்மேல் வைத்து அமுக்கி எண்ணெயை எடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி அமுக்கினார். மூன்றாம் எண்ணின் நீலத்தில் எண்ணெய் பரவி அடியில் இருந்த என் சேலை தெரிந்தது. வடையைத் தின்றுவிட்டு விரலையும் அதிலேயே துடைத்தார். ஒரு பெண் இராத்திரி பகலாக உட்கார்ந்து கோடு போட்ட தாள். அதைப் பிடுங்கி மடித்து வைக்கத் தோன்றியது. ஆனால் கை என்ன செய்தது என்கிறீர்கள்? முடிவோடு முடிவு, தொடக்கத்தோடு தொடக்கம். எட்டும் சேர்ந்தன. நாடா சுற்றி, வார்னிஷ் ஊற்றி, காய வைத்தேன். இனி உள்ளே எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதலாளி தாளைக் குப்பையில் போடச் சொன்னார். நான் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காயிலை வாங்கிக்கொண்டு போன டீச்சர் மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காயிலில் கரண்டு விட்டால் ஓரத்துத் துடிப்பு அடங்கவில்லை, சில சமயம் கூடுகிறது என்றார்.

"கணக்கை நாலு தடவை போட்டுட்டேன். இணைப்பு படத்துல உள்ளபடிதானே இருக்கு?"

முதலாளி யோசிக்கவே இல்லை. "அச்சு அசலாப் படத்துல உள்ளபடி, மேடம். என்னைய நம்ப வேணாம், இந்தா இருக்காக, அக்காவைக் கேளுங்க. பொய் பேசத் தெரியாத மனுசி."

பொய் பேச என்றால் வாய் வேண்டும். எனக்குத்தான் வாய் இல்லையே. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று, மேலும் கீழும், இரண்டு தடவை.

"அப்ப தப்பு எங்கிட்டத்தாம்மா" என்றார். "வர்ற வெள்ளிக்கிழமை அவங்க வாராங்க. கணக்குத் தப்புன்னு சொல்லிர வேண்டியதுதான்."

அவர் சந்து முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி துப்பின எச்சிலில் ஒரு சொட்டு என் காலில் தெறித்தது. துடைக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பட்டறையிலேயே அருவருப்பான பொருள் அந்த டப்பா இல்லை என்று தோன்றியது.

மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தேன். தங்கச்சி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா வெஞ்சனம் இன்னைக்கு? பொய்யா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அம்புட்டு வேகமாத் தலையை ஆட்டுனியே, கழுத்து சுளுக்கிக்கலையா?"

"வாயை மூடுறியா?"

"நான் ஏன் மூடணும்? நீதான் ரெண்டு பேருக்கும் சேத்து மூடி வச்சிருக்கியே. அந்தப் புள்ளைக்குச் சோறு போகப்போகுதுக்கா. போய்ச் சொல்லு."

"எனக்குப் பேச வராதுடி. அம்புட்டுப் பேரு இருப்பாக."

"பேசாட்டிப் போ. அந்தக் காம்பஸை எடுத்துட்டுப் போய் அது கையில குடு. ஊசி பேசட்டும்."

காம்பஸ் என்றால் திசை காட்டுமே, அதுதான். காயிலில் லேசாகக் கரண்டு விட்டு அதைப் பக்கத்தில் கொண்டுபோனால், எந்தக் காயில் எந்த முகம் என்று ஊசியே காட்டிவிடும். என் வீட்டுக்காரர் வைத்திருந்தது, உள்ளங்கை அகலப் பித்தளை.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அதுவும் ஒரு பொய்தான், ஆனால் முழுப் பொய் இல்லை. கைக்குட்டையில் முடிந்த காம்பஸ், இடுப்பில் எண்ணெய்த் தாள். கல்லூரி வாசலிலிருந்து அந்தக் கட்டடம் வரைக்கும் மூன்று பேரிடம் வழி கேட்கவேண்டி வந்தது. அந்த மூன்று பேரிடம் கேட்டதே எனக்கு ஒரு மாத வேலை.

நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். ஒரு அறைக்குள் பிரியாணி. வெளியூர்ப் பேராசிரியர்கள் இரண்டு பேர், கூடவே அந்தத் துறையின் தலைவர். டீச்சர் ஜக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். படித்துப் பட்டம் வாங்கின பெண், தன் ஒரு வருஷ வேலையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வந்தவர்களுக்கு, குனிந்து குனிந்து தண்ணீர் ஊற்றுகிறார். வேறு ஆளே இல்லையா அந்தக் கல்லூரியில்? கதவுக்கு வெளியே நின்ற எனக்குத் துறைத்தலைவர் பேசுவது கேட்டது. பல்லிடுக்கில் குத்திக்கொண்டே பேசினார்.

"ஓரம் ஓரம்னு ஒரு வருசம் போச்சு சார். அந்த ரூம்ல பத்து கம்ப்யூட்டரைப் போட்டா நாலு பசங்களாவது சேருவானுக. இதை வச்சு என்ன செய்றது, அகல் விளக்கா?"

மற்றவர்கள் சிரித்தார்களா என்று தெரியவில்லை. எலும்பு தட்டில் விழும் சத்தம் கேட்டது. நெய் வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். திரும்பிப் போய்விடலாமா என்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் காலி ஜக்கோடு வெளியே வந்தார். "அம்மா? நீங்க எப்புடி இங்க?"

வரும் வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்தது ஒன்றும் வரவில்லை. முடிச்சை அவிழ்த்துக் காம்பஸை அவர் கையில் வைத்தேன். "எட்டுக்கும் வச்சுப் பாருங்க தாயி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் என்னைக் குழாய் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். குழாயைச் சுற்றியிருந்த பெரிய காந்தத்தை அணைத்துவிட்டு, நாங்கள் செய்த வளையத்துக்கு மட்டும் கொஞ்சம் கரண்டு விட்டார். ஒன்றாம் காயில் பக்கம் காம்பஸைக் கொண்டுபோனார். ஊசியின் சிவப்பு முனை ஒரு பக்கம் திரும்பியது. இரண்டாவதில் மறுபக்கம். மூன்றாவதில் இந்தப் பக்கம், நான்காவதில் அந்தப் பக்கம். ஐந்தைப் பார்க்கும்போதே அவர் கை நின்றுவிட்டது. மீதி மூன்றையும் நான் வாங்கிக் காட்டினேன்.

"மாத்தி மாத்தி இருக்கு" என்றார்.

"நாந்தான் சேத்தேன். முதலாளி சொன்னாரு. ஆனா சேத்தது இந்தக் கை. அன்னைக்குத் தலையை ஆட்டுனதும் நாந்தான்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஜக்கின் ஈரம் பட்ட கையால் நெற்றியைத் துடைத்தார். "அளக்குற மீட்டரை ஒண்ணாம் காயில்ல மட்டும் வச்சுப் பாத்தேம்மா. கணக்கு சரியா வந்துச்சு. மத்ததுக்குக் கை எட்டாதுன்னு விட்டுட்டேன். எட்டையும் பாத்திருக்கணும். நீங்க தலையாட்டுனதைப் பாத்திருக்கக் கூடாது."

இடுப்பிலிருந்து தாளை எடுத்து விரித்தேன். எண்ணெய் படாத இடத்தில் நிறம் தெளிவாக இருந்தது. மாறவேண்டியது இரண்டு, மூன்று, ஆறு, ஏழு. இந்த நான்கையும் தலைகீழாகத் திருப்பிச் சேர்த்தால் இரண்டு சிவப்பு, இரண்டு நீலமாகிவிடும். டீச்சர் விரலால் எண்ணிப் பார்த்து, ஆமாம் என்றார். அறையில் ஈயம் பற்றவைக்கிற கருவி இருந்தது. வார்னிஷைச் சுரண்டி, நாடாவைப் பிரித்து, முனைகளைப் பிரித்தேன். அதற்குள் பக்கத்து அறையில் இருந்தவர்கள் கை கழுவி, பீடா போட்டு, கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள் போய் வரட்டும் என்று டீச்சர் கதவைச் சாத்தினார். கடைசி முனை சேர்ந்தபோது என் ரவிக்கையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. மறுபடி ஊசி வைத்துப் பார்த்தோம். இந்தப் பக்கம், இந்தப் பக்கம். அந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

அவர்கள் வந்ததும் நான் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒதுங்கிவிட்டேன். குழாயில் கத்தரிப்பூ நிறத்தில் வெளிச்சம் வந்தது. நடுவில் திடமாக இருந்தது. ஓரம்தான் கண்ணுக்குப் பிடிபடாமல் நடுங்கியது. பக்கத்துத் திரையில் அந்த நடுக்கம் பச்சைக் கோடாக மேலும் கீழும் குத்திக் குத்தி ஓடியது. டீச்சர் எங்கள் காயிலுக்குக் கரண்டு விடுகிற குமிழைத் திருப்பினார். குத்துகள் குட்டையாகிக்கொண்டே வந்து, பாதி உயரத்தில் புல் மாதிரி நின்றன. முழுக்க அடங்கவில்லை. கசிவதற்கு விட்டது, வீசுவதற்கு விடவில்லை. நான் கரண்டிக் காம்பை நினைத்துக்கொண்டேன்.

"அணைங்க" என்றார் வயதான பேராசிரியர். டீச்சர் காயிலை அணைத்தார். கோடு துள்ளியது. "போடுங்க." அடங்கியது. மூன்று தடவை அப்படிச் செய்யச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சின்னக் குழாய்தான். ஆனா இது சரியாத்தான் வந்திருக்கு" என்றார்.

துறைத்தலைவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "அப்ப இத்தனை நாளு ஏம்மா வரல?"

டீச்சர் பீரோ பக்கம் பார்க்காமலே சொன்னார். "காயில் இணைப்புல பிழை இருந்துச்சு சார்."

டீச்சரின் வேலை தங்கியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது.

ஒரு மாதம் போல இருக்கும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "வயசாயிருச்சுக்கா, கண்ணும் மங்கிருச்சு, வீட்ல இருந்து ரெஸ்ட் எடுங்க" என்றார். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டீச்சர் பழமும் ஒரு பந்து மல்லிகையும் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையில் அறிக்கையின் நகல் இருந்தது. என்னைப் பற்றி அதில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார், ஆனால் பையைத் திறக்கவில்லை. படிக்கச் சொன்னேன்.

முதலில் இணைப்பு ஏன் தவறியது என்பதற்குத் துறைத்தலைவர் ஒரு வரி எழுதியிருக்கிறார். முதலாளி அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். படிப்பறிவு குறைந்த பெண் பணியாளர் ஒருவர் வரைபடத்தைப் புரிந்துகொள்ளாத காரணத்தால் இணைப்பு தவறாகச் செய்யப்பட்டது, என்று.

"நான் எம்புட்டோ சொன்னேம்மா" என்றார் டீச்சர். "இப்புடி எழுதுனாத்தான் சிக்கலில்லாம முடியும்னுட்டாங்க. நானும் சரின்னுட்டேன். உங்க பேரு எதுவும் இல்ல."

அவருக்கும் கண் கலங்கியிருந்தது. காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு அந்த மல்லிகை வாடை அறை முழுக்க ஏறியது, தாங்க முடியவில்லை. எடுத்துக்கொண்டுபோய் வாசலில் வைத்தேன். சாமிக்குக்கூடப் போட மனசு வரவில்லை.

மூன்று பேர் உட்கார்ந்து எழுதின வரி. ஒருவர் வடை எண்ணெயைத் துடைத்தவர். ஒருவர் பல்லைக் குத்திக்கொண்டு அறையைப் பிடுங்கப் பார்த்தவர். ஒருவர், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, என்னிடம் உட்கார்ந்து கரண்டிக் காம்பைப் புரிந்துகொண்டவர். படிக்காதவள் என்று எழுதியது பொய்யில்லை. ஆனால் படம் எனக்குப் புரிந்தது. புரிந்துதான் தப்பாகச் செய்தேன், புரிந்துதான் தலையை ஆட்டினேன். அது புரியாமல் செய்வதைவிட மோசமான தப்பு. இருக்கட்டும், அது என்னுடைய தப்பு. அதையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டு, இவளுக்கு என்ன தெரியும் என்கிற பழைய துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். அந்தத் துணியின் நாற்றம்தான் எனக்குப் போகமாட்டேன் என்கிறது.

தங்கச்சி இப்போதும் சாயங்காலம் வந்து எட்டிப் பார்ப்பாள். அவள்தான் இந்த நோட்டை வாங்கி வந்தாள். "அவுக தாள்ல எழுதுனாக, நீயும் தாள்ல எழுது. தலையை மட்டும் ஆட்டாத" என்றாள்.

எழுதிவிட்டேன். பிளாஸ்மா பற்றி டீச்சர் சொன்னதை நான் மாற்றி எழுதியிருக்கலாம், மேடு இரண்டா பள்ளம் இரண்டா என்பதில் குழம்பியிருக்கலாம். எண்ணெய்த் தாள் என் பெட்டியில்தான் இருக்கிறது. மூன்றாம் எண்ணில் நிறம் கொஞ்சமும் இல்லை, ஏழு பாதி மங்கிவிட்டது. காயில் தெரிந்தவர்கள், இந்த விஷயம் படித்தவர்கள் யாராவது செத்த நேரம் ஒதுக்கி, திருப்பிச் சேர்க்கவேண்டியவை இரண்டு, மூன்று, ஆறு, ஏழு என்று நான் எழுதினது சரிதானா என்று படம் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் எண்ணைத் திருத்திவிடுங்கள்.